இடது கையின் அளவு

பதிமூன்றேகால். டேப்பை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தேன், பதிமூன்றேகால்தான். சண்முகவடிவு டீச்சரின் இடது மேல்கை ஜூன் மாதம் நான் எடுத்தபோது பதினொன்றரை, வலது கை அன்றைக்கும் பதினொன்றரை இன்றைக்கும் பதினொன்றரை, இடது மட்டும் ஐந்து மாதத்தில் ஒன்றேமுக்கால் இஞ்ச் ஏறியிருக்கிறது. "எவ்வளவு இருக்கு ஆவுடை?" என்று டீச்சர் கேட்டார்கள். "கொஞ்சம் கூடியிருக்கு டீச்சர்" என்றேன். கொஞ்சமாம். கால் இஞ்ச் கூடக்குறைய வந்தால் மொத்தத்தையும் பிரித்துப் போடுகிறவள் நான், ஒன்றேமுக்காலைக் கொஞ்சம் என்கிறேன். தோல் இழுத்துக் கட்டிய மாதிரி மினுங்குகிறது, டேப் பட்ட இடத்தில் ஒரு கோடு குழிந்து, டேப்பை எடுத்த பிறகும் நிமிராமல் கிடக்கிறது. டீச்சர் அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்கள், நானும் சுவரைப் பார்த்தேன், சுவரில் பார்க்க ஒன்றுமில்லை. இன்றைக்குச் சனிக்கிழமை, மாதம் ஒரு சனிக்கிழமை எங்கள் தெருவுக்குக் காலை ஒன்பதுக்குக் கரண்டை நிறுத்தினால் மூன்று மணிக்குத்தான் விடுவார்கள், மோட்டார் மெஷின் ஓடாது என்று தெரிந்து யாரும் வர மாட்டார்கள், சேலைகளுக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டு சும்மா இருக்கலாம் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். பதினொரு மணிக்கு வாசலில் குடையை உதறி மடக்குகிற சத்தம், நிமிர்ந்தால் டீச்சர். நாலு மாதமாக இந்தப் பக்கம் வராதவர்கள். கையில் ஒரு துணிப்பை. "ரெண்டு ப்ளவுஸ்தான் ஆவுடை, இடது கை மட்டும் பிரிச்சு விடணும். போர்டுல எழுதும்போது அந்தக் கைலதான் புக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன், வெட்டுது. இருந்து வாங்கிட்டே போயிருதேன்." இருந்து. நான் மெஷினில், டீச்சர் எனக்கு எதிரே பிளாஸ்டிக் ஸ்டூலில், நடுவில் மூன்றடி கூட இல்லை, ஒரு மணி நேரத்துக்கு.

பிளேடைப் பாதியாக உடைத்துக் கையின் உள்தையலைப் பிரிக்கிறேன். மரூன் கலர் ரூபியாத் துணி, உள்ளே வெள்ளை லைனிங், ஒரு தையல் விட்டு ஒரு தையலாக அறுத்து நூலை இழுத்தால் சரசரவென்று வரும், என் தையல் அப்படி, சீராக இருக்கும், அதனாலேயே பிரிக்கச் சுலபம். கையில் இரண்டு ஓரத்திலும் ஒன்றரை இஞ்ச் உள்ளே விட்டிருக்கிறேன், சாதாரணமாக அரை இஞ்ச்தான் விடுவார்கள், வீங்கினால் வேண்டியிருக்கும் என்று யோசித்துத்தான் விட்டேன், அதை நினைத்ததும் ஒரு நொடி பெருமையாக இருந்தது, பாருங்கள், இப்போதும், டீச்சரை எதிரே வைத்துக்கொண்டு இப்போதும் எனக்குப் பெருமை வருகிறது, இந்தப் பெருமைதானே எல்லாவற்றையும் செய்தது. டீச்சருக்குத் தெரியுமா? தெரிந்துதான் வந்திருக்கிறார்களா? தெரிந்தால் ஏன் ப்ளவுஸைக் கொண்டுவர வேண்டும், வாசலில் நின்றே நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போயிருக்கலாமே. தெரியாது என்றால் ஏன் நாலு மாதம் வரவில்லை. ஒருவேளை தெரிந்துகொண்டு, நானாகச் சொல்கிறேனா பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்கிறார்களோ. டீச்சர் அல்லவா, தப்புச் செய்த பிள்ளையைக் கையும் களவுமாகப் பிடித்த பிறகும் அதன் வாயால் வரட்டும் என்று காத்திருப்பார்கள். நிமிர்ந்து பார்த்தேன். பையிலிருந்து ஒரு தினசரியை எடுத்து விசிறிக்கொண்டிருந்தார்கள், வலது கையால். இடது கை மடியில் கிடந்தது, வேறு யாருடையதோ போல.

முதல் முறை கதவைச் சாத்தச் சொன்னார்கள். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறப்பதற்கு ஒரு வாரம் முன்பு. இருபது வருடமாக என்னிடம் தைக்கிறவர்கள், ஒருநாளும் கதவைச் சாத்து என்று சொன்னதில்லை, திரைக்குப் பின்னால் நின்று போட்டுப் பார்த்துவிட்டு வருவார்கள். அன்றைக்குக் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளும் போடச் சொல்லி, "ஆவுடை, பயந்துராத" என்று சொல்லிவிட்டுச் சேலையை விலக்கினார்கள். இடது மார்பு இருந்த இடத்தில் அது இல்லை. அக்குளிலிருந்து நடு நெஞ்சு வரைக்கும் சாய்வாக ஒரு தழும்பு, தோலை இழுத்து வைத்துத் தைத்திருந்தார்கள், டாக்டர் தைத்ததை நான் பார்த்த பார்வை தையல்காரி பார்வைதான், ஒரு ஓரத்தில் கொஞ்சம் சுருக்கம் விழுந்திருக்கிறதே என்று நினைத்தேன், பிறகுதான் ஐயோ என்று நினைத்தேன். "கையத் தூக்குங்க டீச்சர், எவ்வளவு தூக்க முடியும்?" என்று மட்டும் கேட்டேன். அதற்கே டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லி லீவு போட்டிருக்கிறேன், யாருக்கும் தெரியாது, வீட்டுக்காரருக்கும் அவருடைய அக்காவுக்கும்தான் தெரியும், இனி உனக்கும் என்றார்கள். எனக்கும். ஆஸ்பத்திரியில் சொன்ன விலைக்குச் சிலிக்கான் ஒன்று வாங்கிப் பார்த்தார்களாம், வியர்வையில் புண்ணாகிவிட்டதாம். "துணியிலேயே ஏதாவது பண்ண முடியுமா?" முடியும் என்றேன். அதுவரை அப்படி ஒன்றை நான் செய்ததே இல்லை.

மெல்லிய மல் துணியில் இரண்டு வட்டம் வெட்டி, உள்ளே இலவம்பஞ்சு அடைத்து முதலில் ஒன்று தைத்தேன். கழுவினால் பஞ்சு ஒரு மூலையில் போய் உருண்டையாகிவிட்டது. இரண்டாவதற்குப் பஞ்சை மெல்லிய அடுக்குகளாக வைத்து, மெத்தைக்குப் போடுவதுபோலக் குறுக்கும் நெடுக்குமாகக் கைத்தையல் ஓட்டினேன், பஞ்சு நகரவில்லை, ஆனால் கையை உயர்த்தும்போது ப்ளவுஸோடு மேலே ஏறியது அப்படியே நின்றுவிட்டது, இறங்கவில்லை. டீச்சர் இதே அறையில் இதே சுவரில் போர்டில் எழுதுவதுபோல எழுதிக் காட்டினார்கள், அ, ஆ, இ என்று விரலால், நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். கனம் வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது. ஃபேன்ஸி கடையில் வெள்ளைப் பாசிமணி வாங்கி, சின்னப் பையாகத் தைத்து, அடிப்பக்கம் வைத்துப் பார்த்தேன், சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன், மணியைக் கூட்டிக் குறைத்து, நாலாவது சரியாக வந்தது. ப்ளவுஸின் லைனிங்குக்குள் ஒரு பை வைத்து, வாயில் இரண்டு ஹூக், இரண்டு காஜா, போட்டுக் கழற்றித் துவைக்கலாம். மார்பு மடிப்பை, டாட்டை, அந்தப் பக்கம் மட்டும் அரை இஞ்ச் இறக்கினேன். டீச்சர் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் திரும்பித் திரும்பி நின்றார்கள். என் தலையில் கையை வைத்தார்கள், அவ்வளவுதான். என் வாழ்க்கையில் நான் தைத்ததிலேயே நல்ல வேலை அது. கல்யாணப் பட்டு ப்ளவுஸ் தைத்திருக்கிறேன், முதுகில் மயில் வைத்துத் தைத்திருக்கிறேன், எல்லாவற்றையும் நாலு பேர் பார்த்தார்கள், செல்லில் படம் பிடித்தார்கள். இதை ஒருத்தரும் பார்க்கக் கூடாது. பார்க்க முடியாமல் இருப்பதுதான் அதன் அழகே. அது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும்.

"இன்னும் நேரமாகுமோ?" என்றார்கள் டீச்சர்.

"மோட்டார் இல்ல பாத்தியளா, கால் மெஷின்லதான் ஓட்டணும். அரை மணி நேரம் டீச்சர்."

"மெதுவாத் தை. அவசரமில்ல."

அவசரம் எனக்குத்தான். பிரித்த கையை மேஜையில் விரித்துச் சாக்பீஸால் புதுக் கோடு போடுகிறேன், பழைய தையல் ஓடிய இடத்தில் ஊசி ஓட்டைகள் வரிசையாகத் தெரிகின்றன, நகத்தால் தேய்த்தால் நூல்கள் நெருங்கி மூடிக்கொள்ளும், ரூபியாவில் அது ஒரு வசதி, பட்டில் மூடாது. ஜூலை மாதம், தேதி நினைவில்லை, ஆனால் மங்களம் டீச்சர் கட்டியிருந்த சேலை நினைவிருக்கிறது, கிளிப்பச்சை. அதே பள்ளிக்கூடத்து டீச்சர்தான், அவர்களும் எனக்கு வாடிக்கை. தைத்ததைப் போட்டுப் பார்த்துவிட்டு முன்பக்கம் தொய்கிறது என்று முகத்தைச் சுளித்தார்கள். அது தொய்யத்தான் செய்யும், உள்ளாடை பழசு, அதைச் சொல்ல முடியுமா. "சண்முகவடிவுக்கு மட்டும் எப்படிக் கச்சிதமாத் தைக்க? இப்ப ஒரு மாசமா அவ ப்ளவுஸப் பாத்தா சின்னப் பிள்ளைக்குத் தச்ச மாதிரி இருக்கு. எங்களுக்கெல்லாம் ஏனோதானோன்னு தைக்க." ஏனோதானோ. அந்த வார்த்தை சுருக்கென்றது. அங்கே நிறுத்தியிருக்கலாம். சரி டீச்சர், குடுங்க, பிடிச்சுத் தாரேன் என்று சொல்லியிருக்கலாம், அதைத்தானே நாள் முழுக்க எல்லாரிடமும் சொல்கிறேன். "அவங்களுக்குத் தைக்கது எவ்வளவு கஷ்டம்னு ஒங்களுக்குத் தெரியாது" என்றேன். அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். "ஏன், அவளுக்கு என்ன?" என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு நொடி இருந்தது, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஃபேன் சுற்றியது, ஒரு முழு நொடி இருந்தது, அந்த நொடியில் நான் யோசித்தது டீச்சரைப் பற்றி இல்லை, அந்த நாலாவது பஞ்சு வட்டத்தைப் பற்றி, அதில் ஓட்டிய தையலைப் பற்றி. "அவங்களுக்கு ஒரு பக்கம் வெறும் பஞ்சுதான் டீச்சர். யாராவது கண்டுபிடிக்க முடியுதா, சொல்லுங்க பாப்போம்?" சொல்லுங்க பாப்போம். சிரித்துக்கொண்டே சொன்னேன். மங்களம் டீச்சர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு "ஐயோ" என்றார்கள், பிறகு மெதுவாக "நிசமாவா?" என்றார்கள், பிறகு என்னைப் பாராட்டினார்கள். உனக்குப் பெரிய கைதான் என்றார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, அந்த ஒரு நிமிஷம் எனக்கு நன்றாக இருந்தது. அவர்கள் தெருமுனையைத் தாண்டிய பிறகுதான் நான் என்ன சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று பின்னாலேயே ஓடிப்போய்ச் சொல்லலாமா என்று வாசல் வரை வந்தேன், ஓடினால் தெருவில் பார்ப்பார்களே என்று நின்றுவிட்டேன்.

அப்புறம் ஆகஸ்டில் யூனிஃபார்முக்கு அளவு கொடுக்க ஒரு பிள்ளை அம்மாவோடு வந்தது, எட்டாம் வகுப்பு. பாவாடைக்கு நீளம் எடுத்துக்கொண்டிருக்கிறேன், முட்டிபோட்டு உட்கார்ந்து, தலைக்கு மேலே அந்தப் பிள்ளை அம்மாவிடம் சொல்கிறது, "நேத்து பஞ்சு டீச்சர் எல்லாரையும் வெளிய நிக்க வச்சுட்டாம்மா." யார் பஞ்சு டீச்சர் என்று அம்மா கேட்கிறாள். "சண்முகவடிவு மிஸ்தான். எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாங்க." நான் எழுந்திருக்கவில்லை. முழங்காலில் இருந்தபடியே டேப்பைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அந்த வார்த்தை என்னுடையது. பள்ளிக்கூடத்தில் எத்தனை வார்த்தைகள் இருக்கின்றன, ஆபரேஷன் என்று வைத்திருக்கலாம், ஆஸ்பத்திரி என்று வைத்திருக்கலாம், என் வாயிலிருந்து போன அதே வார்த்தை, ஒரு எழுத்து மாறாமல், ஸ்டாஃப் ரூம் வழியாகப் போய், வகுப்புக்குள் போய், பதிமூன்று வயதுப் பிள்ளை வாயில் ஏறி என் தலைக்கு மேலே வந்து நிற்கிறது. அந்தப் பாவாடையை அரை இஞ்ச் குட்டையாக வெட்டிவிட்டேன், பிறகு ஓரத்தில் பட்டி கொடுத்துச் சரிக்கட்டினேன். அன்றிலிருந்து டீச்சர் வராதது எனக்குப் பயம், வந்துவிடுவார்களோ என்பதும் பயம். மார்க்கெட்டில் ஒருநாள் தூரத்தில் அவர்கள் முதுகைப் பார்த்துவிட்டு வாழைக்காய்க் கடைக்குள் புகுந்து நின்றேன். வேறு ஊருக்கு மாற்றல் வந்தால் நன்றாக இருக்குமே என்று சாமி கும்பிடும்போதே நினைத்தேன், நினைத்துவிட்டு விபூதியை நெற்றிக்குக் கொண்டுபோகக் கூசியது. பத்துப் பேருக்குத் தெரிந்தால் அதில் யார் முதலில் என்று யாருக்குத் தெரியப்போகிறது என்றும் நினைத்தேன். மறந்தும் போனேன், அதையும் சொல்ல வேண்டும், தீபாவளி வேலையில் பத்து நாள் சுத்தமாக மறந்துபோய் நிம்மதியாக இருந்தேன்.

பாபினில் மரூன் நூல் சுற்றிப் போட்டு, கையை மடக்கிப் பின் குத்தி, மெஷினில் ஏற்றுகிறேன். கால் மிதிக்க மிதிக்கச் சத்தம் வருவது நல்லதாக இருக்கிறது, சத்தம் இருக்கும்போது பேச வேண்டியதில்லை. ஆனால் தையல் முடிந்து நின்றதும் டீச்சர் பேசிவிட்டார்கள், நான் கேட்காமலே. "கை இப்படி ஆகும்னு டாக்டர் முதல்லயே சொன்னாரு ஆவுடை. ஆபரேஷன்ல அக்குள்ல இருக்க நெறிக்கட்டியெல்லாம் எடுத்துருதாங்கல்லா, நீர் இறங்காது. தினமும் தடவிவிடணும், விரல்லருந்து தோளப் பாத்து மேல மேல தடவணும். நம்ம கையாலயே பண்ணா சரியா வராது."

"யாரு டீச்சர் தடவிவிடுவா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நாச்சியார் மதினி. அவரோட அக்கா. பக்கத்துத் தெருதான். ஆஸ்பத்திரில இருபத்தெட்டு நாளு என்கூட இருந்தாவ, வீட்டுக்கு வந்த பொறவும் சாயங்காலம் ஆறு மணி ஆச்சுன்னா எண்ணெயக் காய்ச்சிக்கிட்டு வந்துருவாவ. ஒருநாள் தவறினதில்ல." டீச்சர் தினசரியை நான்காக மடித்தார்கள், எட்டாக மடித்தார்கள். "இப்ப வரதில்ல. நான்தான் வரவேண்டாம்னுட்டேன்."

நான் மெஷினின் சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"பள்ளிக்கூடத்துல எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு ஆவுடை. பிள்ளைகள் வரைக்கும். ஒனக்கும் காதுல விழுந்திருக்கும். அவியளத் தவிர யாருக்குத் தெரியும், சொல்லு? அவரு சொல்லுவாரா? தூத்துக்குடில கிடக்காரு, வாரத்துக்கு ஒருநாள் வாராரு. நேரா போய்க் கேட்டேன். நான் சொல்லலம்மான்னு அழுதாவ. பொய் சொல்லாதீங்க மதினின்னு சொல்லிட்டேன், அவிய மக முன்னாலயே. இருபத்தெட்டு நாளு எனக்கு எல்லாம் எடுத்துப் போட்டவ." டீச்சர் குரல் உடையவில்லை, வகுப்பில் வருகைப் பதிவு வாசிப்பதுபோல வாசித்தார்கள். "நாளைக்கு அந்த மகளுக்குத்தான் கல்யாணம். அவரு மட்டும் போறாரு. நான் போகல. எந்த மூஞ்ச வச்சுக்கிட்டுப் போக?"

நான் இருக்கிறேனே. உங்களுக்கு, வீட்டுக்காரருக்கு, மதினிக்கு, அப்புறம் எனக்கு. நாலு பேர். டீச்சர் எண்ணும்போது என்னை எண்ணவே இல்லை. சந்தேகப்பட்டுத் தள்ளிவிட்டார்கள் என்று இல்லை, நான் அந்தக் கணக்கிலேயே வரவில்லை, தையல் மெஷின் யாரிடமாவது போய்ச் சொல்லுமா, கண்ணாடி சொல்லுமா, அந்த மாதிரி என்னை வைத்திருந்திருக்கிறார்கள். நாலு மாதமாக நான் பயந்துகொண்டிருந்த நேரமெல்லாம் வேறு ஒருத்தி அந்த அடியை வாங்கிக்கொண்டிருக்கிறாள். ஊசி துணிக்குள் இறங்கி நிற்கிறது. சொல்லாமல் இருக்கலாம். இந்தக் கையை முடித்து, அடுத்த கையை முடித்து, மடித்துப் பையில் போட்டுக் கொடுத்தால் டீச்சர் குடையை விரித்துக்கொண்டு போய்விடுவார்கள், யாருக்கும் எப்போதும் தெரியப்போவதில்லை, மங்களம் டீச்சரும் யார் சொன்னது என்று இதுவரை சொல்லவில்லை போலிருக்கிறது, சொன்னால் அவர்கள் பெயரும் கெடும். சொல்லாமல் வேறு விதமாகச் சரிசெய்ய முடியுமா. மதினி அப்படிப்பட்டவங்களா இருக்காது டீச்சர், கல்யாணத்துக்குப் போங்க என்று நல்லவள் மாதிரி புத்தி சொல்லலாம். ஐயோ, அதுவும் தோன்றுகிறதே, நல்லவள் மாதிரி. இல்லை, சொல்லிவிடலாம், சொன்னால் டீச்சர் ஒருவேளை, நீயாவது ஒத்துக்கிட்டியே என்று, மறுபடியும் தலையில் கை வைத்து, அந்த நினைப்பு வந்ததும் வாயெல்லாம் கசந்தது. இதிலும் பாராட்டு வேண்டும் எனக்கு. சொன்னால் இந்தத் தெருவில் யார் என்னிடம் அளவு கொடுக்க வருவார்கள், ஒவ்வொருத்தி உடம்பிலும் ஒன்று இருக்கிறது, தழும்பு இருக்கிறது, தேமல் இருக்கிறது, அடி வாங்கிய கன்றல் இருக்கிறது, எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி டேப்பை ஓட்டுகிறவள் என்றுதானே வருகிறார்கள். டீச்சரின் கை மடியில் கிடக்கிறது. பதிமூன்றேகால். நாலு மாதம் சாயங்காலம் ஆறு மணிக்கு யாரும் எண்ணெய் கொண்டுவரவில்லை. ஒன்றேமுக்கால் இஞ்ச். இது நான் ஏற்றியது.

"நான்தான் டீச்சர்" என்றேன்.

டீச்சருக்குப் புரியவில்லை. "என்னது?"

"நான்தான் சொன்னேன். மங்களம் டீச்சர்ட்ட. ஜூலை மாசம். இங்க வச்சு."

வெளியே தூறல் ஓட்டில் விழுகிற சத்தம் கேட்டது. டீச்சர் என்னையே பார்த்தார்கள், முகத்தில் கோபம் எதுவும் வரவில்லை, என் பெயரை மறந்துவிட்டவர்கள் மாதிரி பார்த்தார்கள். "எதுக்கு?" என்றார்கள்.

எதுக்கு. வாய் தவறி வந்துவிட்டது என்று சொல்லலாம், உலகத்தில் எல்லாருக்கும் வாய் தவறுகிறது. அவர்கள் நோண்டி நோண்டிக் கேட்டார்கள் என்று சொல்லலாம், அது முழுப் பொய்யும் இல்லை. இரண்டையும் விட்டுவிட்டேன். "நல்லாத் தச்சிருக்கேன்னு காட்டத்தான் டீச்சர். என்னை ஏனோதானோன்னு தைக்கேன்னு சொன்னாவ. எனக்குப் பொறுக்கல. அதான் சொன்னேன்."

"அதுக்கா?"

"அதுக்குத்தான்."

"அதுக்கு என்னைய எடுத்துக் காட்டுனியா."

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். டீச்சர் அழவில்லை, நானும் அழவில்லை, அழுதால் அவர்கள் என்னைத் தேற்ற வேண்டிவரும், அந்த மரியாதை மட்டும் எனக்கு மிச்சம் இருந்தது. டீச்சர் எழுந்தார்கள். போய்விடப் போகிறார்கள் என்று நினைத்தேன். போகவில்லை. செல்லை எடுத்து ஒரு நம்பரைத் தேடி, என் முன்னால் மேஜையில் வைத்தார்கள். "மதினி நம்பரு. நான் கூப்பிட்டா எடுக்க மாட்டாவ. ஒன் போன்லருந்து போடு. என்கிட்ட சொன்னத அவியட்டயும் சொல்லு."

நம்பரைப் போடும்போது இரண்டு தடவை தப்பாக அழுத்தினேன். மூன்றாவது தடவை மணி அடித்தது. எடுக்கக் கூடாது என்று வேண்டினேன், எடுத்துவிட்டார்கள். கல்யாண வீட்டு இரைச்சல், பாத்திரம் இறக்குகிற சத்தம், யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். "யாரு?" என்ற குரல். டெய்லர் ஆவுடையம்மாள் பேசுகிறேன் என்றேன். "ப்ளவுஸு எல்லாம் வந்துருச்சேம்மா, எந்தக் கடை நீங்க?" என்றார்கள், சிரித்த குரலில். நான் சண்முகவடிவு டீச்சருக்குத் தைக்கிறவள் என்றேன், பிறகு நிறுத்தாமல் சொல்லிவிட்டேன், மங்களம் டீச்சர், ஜூலை மாதம், நான் சொன்ன வார்த்தையையும் சொன்னேன், பஞ்சு என்று. டீச்சர் நின்றபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் இரைச்சல் குறைந்துகொண்டே போனது, வேறு அறைக்குள் நடந்து போகிறார்கள் போல, ஒரு கதவு சாத்தப்பட்டது. திட்டுவார்கள் என்று காதை இறுக்கிக்கொண்டேன்.

"அம்மா, நாலு மாசமா நான் தூங்கல தெரியுமா" என்றார்கள் நாச்சியார், மெதுவாக, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல. "எனக்கே என்மேல சந்தேகமாப் போச்சு. எந்தக் கல்யாணத்துல, எந்தக் கோயில்ல, யார்ட்ட வாய் விட்டேன்னு ஒவ்வொரு நாளா யோசிச்சுப் பாத்தேன். ஒருவேளை சொல்லித்தான் இருப்பமோ, மறந்துட்டமோன்னு. வயசாகுதுல்லா. அவ பொய் சொல்ல மாட்டாளே." மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "நான் சொல்லலைல்லா?"

"நீங்க சொல்லல. நான்தான் சொன்னேன்."

"இன்னொருக்கச் சொல்லுங்க."

"நீங்க சொல்லலம்மா. நான்தான்."

"சரி. வடிவு அங்க இருந்தா அவகிட்ட குடுங்க."

டீச்சர் என் செல்லை வாங்கிக்கொண்டு வாசல்படிக்குப் போனார்கள். முதுகு தெரிந்தது. மரூன் ப்ளவுஸ் மெஷினில் பாதியில் நிற்க, வீட்டில் போடுகிற பழைய தொளதொள ப்ளவுஸில் வந்திருந்தார்கள், முதுகில் மழைத்துளி விழுந்து புள்ளி புள்ளியாக நனைந்தது, உள்ளே வந்து பேசுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேச்சு ஒன்றும் கேட்கவில்லை. ம் என்றார்கள். ம். ரொம்ப நேரம் கழித்து "மதினி" என்று ஒரே ஒரு தடவை. பிறகு ஈரப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். நான் மெஷினை மிதிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் காலைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்தபோது முகத்தைத் துடைத்திருந்தார்கள். "அவிய கல்யாணத்துக்கு அழைக்க வாராவளாம். இன்னைக்கே. வீட்டுக்கு வந்து கையப் பாக்கணுமாம்" என்றார்கள், என்னிடம் இல்லை, பொதுவாக. பிறகு என்னிடம், "அதை முடி." முடித்தேன். இரண்டாவது ப்ளவுஸையும் பிரித்து முடித்தேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. தையல் கோணவில்லை, அதுவும் ஆச்சரியம், கை தன் பாட்டுக்குச் சீராகத் தைத்தது. நூலை வெட்டி, மடித்து நீட்டினேன். டீச்சர் வாங்கிப் பையில் வைத்துவிட்டு நின்றார்கள்.

"என் அளவு எழுதி வச்சிருக்கேல்லா. அந்தத் தாளக் கிழிச்சுக் குடு."

நோட்டை எடுத்துப் பக்கத்தைத் தேடினேன். அவர்கள் அளவுக்குப் பின்பக்கம் இன்னொரு பெண்ணுடைய அளவு இருந்தது. "இதை மட்டும் வேற தாள்ல எழுதிக்கிடுதேன் டீச்சர்" என்றேன். "எழுதிக்கோ" என்றார்கள். எழுதும்வரை நின்றார்கள். உயரம், தோள், மார்பு, இடுப்பு, கை. எட்டை மூன்று மாதிரி எழுதிவிட்டு அடித்துத் திருத்தினேன். பிறகு ஸ்கேலை வைத்து அழுத்தி, ஓரம் பிசிறாமல் தாளைக் கிழித்து இரண்டு கையாலும் கொடுத்தேன். டீச்சர் அதைப் படித்துப் பார்க்கவில்லை. மடித்து மணிபர்ஸுக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்கள். இருபது வருடமாக இந்த வாசலில் நின்று, வாரேன் ஆவுடை என்றுதான் சொல்லுவார்கள், அவசரமாகக் கிளம்பும்போதும், ஆஸ்பத்திரிக்குப் போகிற முந்தின நாளும் அப்படித்தான் சொன்னார்கள்.

குடையை விரித்துக்கொண்டு, "போறேன்" என்றார்கள்.